கேட்டவர்களும் சொன்னவர்களும்

திருப்போரூர் என்றதும் முருகன் கோயில் நினைவுக்கு வரும். தினமும் பழைய மாமல்லபுரம் சாலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நெரிசலும் நினைவுக்கு வரலாம். அந்த ஊரின் இன்னொரு உடைமை தஞ்சாவூரில் இருக்கிறது. செங்கல்பட்டுச் சீமையின் 18-ஆம் நூற்றாண்டு ஊர்க்கணக்குகளை எழுதிய ஓலைச்சுவடிகள் அங்கே தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் உள்ளன. 1763-இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி இந்தச் சீமையை ஆங்கிலக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் இதை அளந்தார். ஏறத்தாழ 2,000 ஊர்கள். எந்த ஊரில் எத்தனை வீடு, எந்தச் சாதியார் எத்தனை குடும்பம், ஏரி எத்தனை, நன்செய் புன்செய் எவ்வளவு, விளைச்சலில் யாருக்கு என்ன பங்கு என்று அத்தனையும் கணக்கில் வந்தன. கோயிலுக்கு, பள்ளி ஆசிரியருக்கு, வைத்தியருக்கு, தச்சருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, ஆடுகிறவர்களுக்கு, வாசிக்கிறவர்களுக்கு என்று மேரை எனப்பட்ட விளைச்சல் பங்கும் மானியமும் ஊர் வாரியாகப் பதிவாயின.

இந்த அளவை இன்று பார்னார்டின் பெயரால் வழங்குகிறது. கணக்கை எழுதியவர்கள் ஊர்க் கணக்குப்பிள்ளைகள். எந்த வாய்க்கால் எந்த மடையில் பிரிகிறது, எந்த மானியம் யார் காலத்தில் விடப்பட்டது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தாம். பார்னார்டுக்குத் தமிழ்நாட்டு வேளாண்மையைக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தாம். சென்னையில் உள்ள கொள்கை ஆய்வு மையமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்து பல ஆண்டுகள் இந்தச் சுவடிகளில் உழைத்ததன் பயனாக, திருப்போரூர், வடக்குப்பட்டு என்ற இரண்டு ஊர்களின் கணக்குகள் 2001-இல் நூலாக வந்தன. ஜப்பானிய வரலாற்றாசிரியர் ட்சுகாசா மிசுஷிமா டோக்கியோவிலிருந்து இதே ஆவணங்களைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்திருக்கிறார். காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் இந்த ஆவணங்களை முன்வைத்துப் பழைய இந்தியச் சமூக அமைப்பைப் பற்றி ஒரு பெரிய விவாதத்தையே தொடங்கிவைத்தார்.

அறிவுலகம் இவ்வளவு பயன்பெற்ற ஒரு கணக்கு, எழுதப்பட்ட ஊருக்கு எந்த வடிவத்தில் திரும்பியது என்பதே என் கேள்வி. திருப்போரூர்ப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண் தன் ஊர் நூலகத்தில் அதைக் கேட்டு வாங்கி, தன் தெருவைத் தேடிப் பார்க்க முடிய வேண்டும். கலை, மொழி, வரலாறு, நாட்டார் வழக்காறு ஆகிய துறைகளில் பல்கலைக்கழகமும் ஊரும் சேர்ந்து உழைப்பதைப் பற்றி இப்போது உலகெங்கும் பேசுகிறார்கள். செங்கல்பட்டுக்கு இது புதிய பேச்சு அல்ல. இரண்டரை நூற்றாண்டுகளாக இங்கே ஊரார் சொல்லியும் ஆய்வாளர்கள் எழுதியும் வந்திருக்கிறார்கள். அந்த உறவில் கேள்வியை யார் வைத்தார்கள், பெயர் யாருக்குப் போனது, கிடைத்தது யாரிடம் தங்கியது என்ற கணக்கு மட்டும் தீர்க்கப்படவில்லை.

எடுத்துக்காட்டாக, வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1772-லும் 1776-லும் மாமல்லபுரம் வந்தார். 1788-இல் வெளியான அவருடைய கட்டுரையில் ஊர் முதியவர்கள் சொன்ன ஒரு செய்தி இருக்கிறது. கடலுக்குள் தொலைவில் பல கோயில்களின் உச்சிகளைப் பார்த்திருப்பதாகவும், செப்புத் தகடு போர்த்திய அவை சூரியன் எழும்போது மின்னும் என்றும் அவர்கள் சொன்னார்களாம். அந்த ஒரு வாய்மொழிச் செய்தியிலிருந்து ஐரோப்பாவில் கவிதைகளும் பயணநூல்களும் கிளைத்தன. 1869-இல் கார் என்பவர் மாமல்லபுரம் பற்றிய பழைய கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார். சுவடிகள் திரட்டிய கும்பினி அதிகாரி மெக்கன்சியிடம் பணியாற்றிய காவலி லட்சுமய்யாவின் குறிப்பும் அந்தத் தொகுப்பில் இருப்பதால் அவர் பெயராவது தப்பியது. சேம்பர்ஸிடம் பேசிய முதியவர்களுக்குப் பெயர் இல்லை. 2002-இல் தேசியக் கடலியல் நிறுவனமும் ஒரு பிரிட்டிஷ் ஆய்வுக் குழுவும் கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் மூழ்கித் தேடியபோது, எங்கே இறங்குவது என்பதற்கு மீனவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததுதான் வழிகாட்டியது. செதுக்கிய கற்களையும் சுவர்த் தடங்களையும் அவர்கள் அங்கே கண்டார்கள். வலை எங்கே மாட்டும், அடியில் பாறைப் பார் எங்கே இருக்கிறது என்பது தொழில் செய்கிறவர்களுக்கு அன்றாட அறிவு. ஆய்வறிக்கை அதை ‘உள்ளூர் மரபு’ என்ற இரண்டு சொல்லில் அடக்கிவிடும்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் யூஜின் இர்ஷிக் 1994-இல் வெளியிட்ட நூல் முழுக்கச் செங்கல்பட்டைப் பற்றியது. காலனி ஆட்சியின் அறிவை ஆங்கிலேயர் தனியாக உருவாக்கவில்லை, இந்த மாவட்டத்து மனிதர்களோடு நடந்த நீண்ட உரையாடலில்தான் அது உருவானது என்பது அவருடைய வாதம். பெரிதும் ஏற்கத்தக்க வாதம். ஆனால் அந்த உரையாடலில் எந்த ஊரார் பேசினார்கள் என்று கேட்டால்தான் செங்கல்பட்டு நமக்குக் கற்றுத்தரும் முதல் பாடம் கிடைக்கிறது.

எல்லிஸ் துரையைத் தமிழர்களுக்குத் தெரியும். திருக்குறளுக்கு உரை எழுதியவர், பஞ்ச காலத்தில் சென்னையில் கிணறுகள் வெட்டிக் கல்வெட்டுப் பொறித்தவர். அவர் மிராசு என்ற பரம்பரை நில உரிமை பற்றி அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எழுதிய விரிவான மறுமொழி 1818-இல் அச்சானது. அந்தப் பணியில் அவருக்கு உற்ற துணையாக இருந்தவர் சங்கரய்யா. ஓலைகள், செப்பேடுகள், ஊர் வழக்குகள் என்று அவர்கள் திரட்டியவை பிரமிக்க வைக்கின்றன. இதையும் ஒரு கூட்டாய்வு என்றே சொல்லலாம். ஆனால் திரட்டப்பட்டது நிலம் வைத்திருந்த வேளாளர், பிராமணர் முதலிய மிராசுதாரர்களின் நினைவு. அதே நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் படியாளாகக் கிடந்த பறையர் மக்கள் அந்த ஏட்டில் மிராசு உரிமையின் ஓர் அங்கமாக வருகிறார்கள். சாட்சி சொல்கிறவர்களாக வருவதில்லை. அதன்பின் தலைமுறைகளுக்கு மிராசு விவாதங்களில் எல்லிஸின் ஏடு மேற்கோளானது. தரிசு நிலத்தின் மீதும் மிராசுதாரருக்கு முன்னுரிமை உண்டு என்ற வழக்கு, நிலமற்றவர் நிலம் கேட்டு விண்ணப்பித்தபோதெல்லாம் குறுக்கே நின்றது.

‘சமூகத்தோடு சேர்ந்து ஆய்வு’ என்று இன்று திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்கலாம். ஊர் என்பது ஒரே குரல் கொண்டதன்று. ஊர்த்தெருவும் சேரியும் ஒரே ஊரின் இரண்டு வரலாறுகள். பஞ்சாயத்துத் தலைவரையும் கோயில் தர்மகர்த்தாவையும் பார்த்துப் பேசிவிட்டு ஊரோடு பேசிவிட்டதாக எழுதும் ஆய்வு, எல்லிஸின் காலத்தைத் தாண்டவில்லை.

1891-இல் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் இன்னொரு ஏட்டை எழுதினார். பறையர் மக்களின் வாழ்நிலை பற்றிய அந்தக் குறிப்பில் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலை, கடனுக்குப் பிணைப்பட்ட உழைப்பு, நிலம் கேட்டால் மறிக்கும் மிராசு வழக்கு எல்லாம் ஆதாரங்களோடு இடம்பெற்றன. இந்த மாவட்டத்தில் வேலை செய்த ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கூடி போன்ற கிறித்தவ ஊழியர்கள் சேரிகளில் கேட்டறிந்தவை இதற்குப் பின்னணியாக இருந்தன. அந்த ஊழியர்களை இந்தப் பிரச்சினைக்குள் இழுத்தவர்கள் நிலம் கேட்டுக் கதவைத் தட்டிய தலித் மக்களே என்பதை ஆய்வாளர் ரூபா விஸ்வநாத் 2014-இல் வெளியான தம் நூலில் காட்டியிருக்கிறார். 1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010-ஆம் எண் அரசாணைதான், பஞ்சமி நிலம் என்று நாம் அறியும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய நிலத்துக்கு அடிப்படை. முதல் பத்து ஆண்டுகள் அந்த நிலத்தை விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் அதே பிரிவினருக்குத்தான் விற்கலாம். நிபந்தனை ஏட்டில் இருந்தது, நிலம் கைமாறிப் போயிற்று.

ஒரு நூற்றாண்டு கழித்து அந்த ஏட்டைத் தூசி தட்டியவர்கள் போராட்டக்காரர்கள். 1990களில் செங்கல்பட்டு வட்டாரத்தில் தலித் இயக்கத்தவரும் அவர்களோடு நின்ற சில இயேசு சபைக் குருக்களும் ஆவணக் காப்பகத்திலிருந்து ட்ரெமன்ஹீரின் குறிப்பையும் அரசாணையையும் எடுத்து, ஊர் ஊராகப் பட்டா விவரங்களோடு ஒப்பிட்டார்கள். எந்தச் சர்வே எண் பஞ்சமி, இப்போது யார் கையில் இருக்கிறது என்று எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் பட்டியல் போட்டார்கள். வரலாற்றுத் துறை மாணவர் பட்டத்துக்காகச் செய்கிற வேலையை அவர்கள் நிலத்துக்காகச் செய்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் கூடிய கூட்டத்தின் மீது காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். ஒரு காப்பகக் கோப்பின் எடை என்ன என்று கேட்கிறவர்களுக்குச் செங்கல்பட்டில் இந்த விடை இருக்கிறது. மானுடவியல் நூல்களில் இந்த மாவட்டம் வேறு காரணத்துக்காகவும் பேர் பெற்றது. மைக்கேல் மொஃபாட் இந்த மாவட்டத்து எண்டவூரில் ஆய்வு செய்து, சாதி அமைப்பின் மதிப்பீடுகளைத் தீண்டப்படாதோரும் உள்ளூர ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று 1979-இல் எழுதினார். பல ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். தங்களைப் பற்றி இப்படி ஒரு முடிவு ஆங்கிலத்தில் அச்சாகும் முன்பு, எண்டவூர்ச் சேரியில் உட்கார்ந்து அதைத் தமிழில் சொல்லி, ‘இது சரியா?’ என்று கேட்கும் ஒரு மாலைப்பொழுது அந்த ஆய்வின் ஒழுங்கிலேயே இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதற்கு மாறான ஒரு வழியும் இதே மண்ணில் இருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியான காஞ்சிபுரம் பக்கத்துக் கூத்து மேடைகளில் அது உருவானது.

வட தமிழ்நாட்டில் திரௌபதியம்மன் கோயில் பாரத விழா பத்து நாளும் நடக்கும், இருபது நாளும் நடக்கும். பகலில் பிரசங்கி பாரதம் சொல்வார், இரவில் கூத்து. வில் வளைப்பு, பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று கதை நாளுக்கு நாள் நகர்ந்து, பதினெட்டாம் போர் படுகளத்தில் முடியும். பிறகு தீமிதி. இரவு பத்து மணி வாக்கில் கட்டியக்காரன் களரியில் வந்தால், முகவீணையும் மிருதங்கமும் தாளமும் விடியும் வரை ஓயாது. தோளில் புஜக்கட்டை, தலையில் கிரீடம், மார்பில் பதக்கம் என்று கண்ணாடிச் சில்லு பதித்த மரக்கட்டைகளைச் சுமந்து துரியோதனனும் கர்ணனும் ஆடுவார்கள். இந்தக் கலையை வெளிநாட்டு ஆய்வாளர்கள் 1970, 80களில் தேடி வந்தார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டலின் திரௌபதி வழிபாடு பற்றிய பெருநூலின் முதல் தொகுதி 1988-இலும், ரிச்சர்டு ஃபிராஸ்காவின் நூல் 1990-இலும் வந்தன. இரண்டும் மதிப்புமிக்கவை, இரண்டும் ஆங்கிலத்தில் உள்ளவை.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஹன்னே தெ ப்ரூயின் வேறு விதமாகத் தங்கினார். பெருங்கட்டூர்க் கூத்துக் குடும்பத்தில் பிறந்து, பத்து வயதில் பள்ளியை விட்டு மேடை ஏறிய பெ. ராஜகோபால் அவருடைய ஆசிரியர், பிறகு உடன் உழைப்பவர், வாழ்க்கைத் துணைவர். 1990-இல் காஞ்சிபுரத்தில் தொழில்முறைக் கலைஞர்கள் கூடிக் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தபோது ஹன்னேயும் அதில் இருந்தார். 1994-இல் லைடனில் அவர் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வு 1999-இல் நூலானது. அந்த ஆய்வின் மையக் கருத்து நெகிழ்வு. கூத்தின் பாடம் அச்சுப் புத்தகத்தில் உறைந்து கிடப்பதன்று. ஊர், காரியம், இரவின் நீளம், எதிரே இருப்பவர்களின் சலிப்பு, உற்சாகம் இவற்றுக்கேற்ப நடிகர் அதை நீட்டுகிறார், குறுக்குகிறார், மாற்றுகிறார். சாவு வீட்டில் பதினாறாம் நாள் ஆடும் கர்ண மோட்சத்துக்கும் திருவிழாவில் ஆடும் கர்ண மோட்சத்துக்கும் உள்ள வேறுபாடு ஒவ்வொரு கூத்துக்காரருக்கும் தெரிந்ததே. தெரிந்ததை அவர்கள் வாதமாக வைத்ததில்லை, ஏனெனில் கேட்டவர் இல்லை. இங்கே கேட்டவர் இருந்தார், சொன்னவர்களோடு தொடர்ந்து இருந்தார். வெளியிலிருந்து வந்தவர் ஓர் இரவு ஒலிப்பதிவு செய்து, மறுநாள் பேருந்து ஏறிப் போயிருந்தால், நெகிழ்வு என்ற கருத்து பிழை என்று பதிவாகியிருக்கும்: இந்த ஊரில் இப்படிப் பாடினார், அந்த ஊரில் இரண்டு அடியை விட்டுவிட்டார் என்று.

இந்தக் கூட்டுறவில் நான் பெரிதாக மதிப்பது, ஆய்வு முடிந்த பிறகு நடந்தவற்றை. கூத்துக்காரரின் வாழ்க்கையில் கூத்து இல்லாத மாதங்களே கொடியவை. பருவம் முடிந்ததும் கடன், வட்டி, அடுத்த பருவத்துக்கான முன்பணத்தை இப்போதே வாங்கித் தின்னும் நிலை. ஜமா எனப்படும் கூத்துக் குழுவில் சேரும் சிறுவன் இரவெல்லாம் ஆடிவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்குவான், விரைவில் பள்ளியை விட்டுவிடுவான். ராஜகோபாலுக்கு நேர்ந்ததும் அதுவே. அந்த அனுபவத்திலிருந்துதான் 2002-இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கூத்தும் பள்ளிப் படிப்பும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் குருகுலம் தொடங்கியது. இதன் கேள்வி பல்கலைக்கழகத்தில் பிறந்ததன்று: கூத்து கற்கும் பிள்ளை ஏன் படிப்பை இழக்க வேண்டும்? ஆண்களே பெண்வேடமும் கட்டிய ஒரு கலையில் பெண் பிள்ளைகள் பயிற்சி பெற்றார்கள், கட்டை கட்டி ராஜவேடம் போட்டார்கள். ராஜகோபால் புதிய கூத்துகளை எழுதினார். பின்னாளில் கூத்துக் கலைஞர்கள் டி. எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோரின் கர்நாடக இசையோடு ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டார்கள். 2020-இல் குருகுலம் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் ஒரு கலைப்பள்ளி நன்கொடைகளை நம்பியே நிற்க வேண்டியிருந்தது என்பது, நாட்டுப்புறவியல் துறைகள் பல கொண்ட மாநிலத்துக்குப் பெருமை தருவதன்று.

ஒரே ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் ஈடுபாட்டை எல்லாரிடமும் எதிர்பார்க்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முனைவர் பட்ட மாணவருக்கு உதவித்தொகை சில ஆண்டுகளுக்குத்தான். கட்டுரை அச்சாக வேண்டும், வேலை தேட வேண்டும். ஆகவே தனிமனிதரின் நல்ல மனத்தை நம்பாமல், நிறுவனத்தின் விதியாக வைக்கக்கூடியவை எவை என்று பார்ப்பதே பயன் தரும். மாமல்லபுரத்தில் அதற்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. 1957-இல் அங்கே தொடங்கிய சிற்பப் பயிற்சிப் பள்ளிக்கு முதல்வராக வைத்தியநாத ஸ்தபதி வந்தார், அடுத்து அவர் மகன் கணபதி ஸ்தபதி. அந்தப் பள்ளி இன்று அரசு கட்டடக் கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரி. உளி பிடித்தவரைத் தகவல் சொல்பவராக அல்லாமல் பேராசிரியராக உட்கார வைக்க அரசால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. கல்லுக்குக் கிடைத்த அந்த இடம் கூத்துக்கும், பம்பைக்கும், பாரதப் பிரசங்கத்துக்கும், மீனவரின் அம்பா பாட்டுக்கும் கிடைக்கவில்லை.

இருளர்களிடம் வந்தால் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மாசிமகத்தன்று வட தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் வந்து கூடுகின்றன. மணலில் கூடாரம் போட்டுத் தங்கி, விடியற்காலையில் மணற்படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன அம்மனைத் திரும்ப அழைப்பதாக அவர்கள் கதை. அங்கேயே கல்யாணம் நடக்கும், நிச்சயம் நடக்கும், பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள், காது குத்துவார்கள். ஒவ்வோர் ஆண்டும் கேமராக்களோடும் ஒலிப்பதிவுக் கருவிகளோடும் மாணவர்களும் இதழாளர்களும் வருகிறார்கள்.

அந்தக் கடற்கரையிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில், வடநெம்மேலியில், இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இயங்குகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தொடர்ந்து வந்த பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் இருளர்களின் பிழைப்பைப் பறித்தபோது, ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978-இல் அந்த இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, அதை மீண்டும் இயற்கையில் விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம் போகிறது, வருமானம் சங்கத்துக்கு வருகிறது. 2023-இல் இருளர் பாம்பு பிடிப்பவர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. செங்கல்பட்டுக்கு அருகே தண்டரையில் 1986 முதல் இயங்கும் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகை அறிவைத் தொழிலாக்கியிருக்கிறது. மூலிகை பற்றிய மரபறிவை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் பயனைப் பகிர வேண்டும் என்று 2002-இன் பல்லுயிர்ச் சட்டம் சொல்கிறது. ஆக, இருளரின் பாம்பறிவுக்குக் கூட்டுறவுச் சங்கம் உண்டு, மூலிகை அறிவுக்குச் சட்டம் உண்டு. கன்னியம்மன் பாட்டுக்கு என்ன உண்டு? பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் வந்த திருத்தம் நிகழ்த்துநருக்குச் சில உரிமைகள் தந்தது. அந்த உரிமை தனக்கு இருப்பது மணலில் உட்கார்ந்து பாடும் மூதாட்டிக்குத் தெரியாது, கருவியை நீட்டுகிறவரும் சொல்வதில்லை. விஞ்ஞானத்தில் கேட்ட நியாயத்தைக் கலைத் துறைகளில் நாம் கேட்கவே தொடங்கவில்லை.

பிறநாடுகளில் தொடங்கியிருக்கிறார்கள். கனடாவின் முதற்குடிகள் 1998-இல் நான்கு கோட்பாடுகளை வகுத்தார்கள். தங்களைப் பற்றிய தரவின் உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் நான்கும் தங்களுக்கே என்றார்கள். பிரிட்டனின் கலை மற்றும் மனிதப்பண்பியல் ஆய்வுக் கழகம் 2010 முதல் ஊர்களோடு சேர்ந்து நடத்திய திட்டத்தில் 300-க்கும் மேற்பட்ட ஆய்வுகள் நடந்தன. அதை மதிப்பிட்டு 2016-இல் வந்த அறிக்கை, இத்தகைய கூட்டாய்வில் பணமும் நேரமும் சமமாகப் பகிரப்படுகின்றனவா என்பதையும் ஆராய்கிறது. பல்கலைக்கழகத்தாருக்கு மாதச் சம்பளம் உண்டு, ஊராருக்கு ஒரு கூட்டத்துக்கு வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும். வடநெம்மேலியிலும் அதே கணக்குத்தான்.

தமிழ்நாட்டுக்கு இதை வெளியிலிருந்துதான் கற்க வேண்டும் என்பதும் இல்லை. 1960களின் பிற்பகுதியில் பேராசிரியர் நா. வானமாமலை பாளையங்கோட்டையில் நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார். பல்கலைக்கழக வளாகம் இல்லை, நிதி இல்லை. பள்ளி ஆசிரியர்களும் தொழிற்சங்கத்தவரும் மாணவர்களும் தங்கள் ஊர்க் கதைப்பாடல்களையும் வழக்குகளையும் திரட்டிக் கட்டுரையாக வாசித்தார்கள், ஒருவரை ஒருவர் திருத்தினார்கள். ‘ஆராய்ச்சி’ இதழ் அதிலிருந்து வந்தது. ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற ஆய்வாளர்கள் அந்தக் குழுவில் வளர்ந்தவர்கள். ஊரைப் பற்றி எழுதியவர்களே ஊராராகவும் இருந்ததால், எழுதியது தவறானால் மறுநாள் தேநீர்க் கடையில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆய்வுக்கு அதைவிடக் கடுமையான சோதனை எனக்குத் தெரியவில்லை.

செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மாமல்லபுரத்தின் குடைவரைகளும், சாளுவன்குப்பத்தில் 2004 சுனாமி வெளிக்காட்டிய பாறைக் கல்வெட்டைத் தொடர்ந்து மறு ஆண்டு அகழ்ந்தெடுத்த முருகன் கோயிலும், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையும் இதன் எல்லைக்குள் உள்ளன. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் மனைகள் விற்பனையாகின்றன. குப்பங்கள் ஒதுங்குகின்றன, ஏரிக்கரைச் சேரிகள் இடம் மாறுகின்றன. பாரத விழா நடக்கும் களரிகளுக்கு நடுவே சாலை போகிறது. சொல்லத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. இந்த நிலையில் ஆய்வாளர்கள் வரவேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வந்து அள்ளிக்கொண்டு போகும் வழக்கம் மட்டும் நிற்க வேண்டும்.

நம் பல்கலைக்கழகங்களிடம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. வழிகாட்டிப் பேராசிரியர்கள் மனம் வைத்தால் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். ஊரில் பதிவு செய்த ஒலியும் படமும் படியெடுத்த பாட்டும், வாய்மொழித் தேர்வுக்கு முன்பே பாடியவர் கையிலும் அந்த ஊர் நூலகத்திலும் ஒரு பிரதி சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்ததற்கான ஒப்பம் ஆய்வேட்டோடு இணைக்கப்பட வேண்டும். ஆய்வின் முடிவுகளை மாணவர் அந்த ஊரில் தமிழில் ஒரு கூட்டத்தில் சொல்ல வேண்டும், மறுத்தவர்களின் மறுப்பும் ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும். தகவல் தந்தவர் விரும்பினால் அவர் பெயர் நூலின் முகப்பில் வர வேண்டும், அவருடைய நாள் கூலி ஆய்வு நிதியில் ஒரு செலவினமாக இருக்க வேண்டும். ஆய்வாளர் ஊர்த்தெருவில் எத்தனை வீட்டில் உட்கார்ந்தாரோ, சேரியிலும் அத்தனை வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் வேலையாக, தஞ்சையில் இருக்கும் செங்கல்பட்டு ஓலைக்கணக்குகளின் மின்படிகளையும் எளிய தமிழ்ப் பெயர்ப்பையும் அந்தந்த ஊரின் நூலகத்துக்கும் பள்ளிக்கும் தமிழ்ப் பல்கலைக்கழகம் அனுப்பிவைக்க வேண்டும். திருப்போரூரிலிருந்தும் வடக்குப்பட்டிலிருந்தும் தொடங்கலாம். அந்த இரண்டு ஊர்க் கணக்கும் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது.